தலைச்சுமைக்கு ஒரு சும்மாடு

மெய்நிகர் உலகைக் காட்டும் ஹெட்செட்டை அரை மணிக்குள் கழற்றி வைக்கச் செய்வது பெரும்பாலும் பட்டையும் பேட்டரியும்தான். திருவனந்தபுரம் தலைச்சுமையையும் அறிந்த ஊர், பேட்டரியையும் அறிந்த ஊர்.

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையை ஒட்டிய சாலைக் கடைவீதியில் காலை வேளைகளில் அரிசி மூட்டை இறங்குவதைப் பார்க்கலாம். சுமட்டுத் தொழிலாளி மூட்டைக்கு அடியில் நேரடியாகத் தலையைக் கொடுப்பதில்லை. முதலில் தோளில் கிடக்கும் துண்டை உதறி, முறுக்கி, வளையமாகச் சுருட்டி உச்சந்தலையில் வைக்கிறார். அதன்மேல் மூட்டை ஏறுகிறது. தமிழில் இதற்கு சும்மாடு என்று பெயர். மலையாளத்திலும் அதேதான். மூட்டையின் எடையை அது ஒரு கிராம்கூடக் குறைப்பதில்லை. ஆனால் அது இல்லாமல் யாரும் பத்தடி நடப்பதில்லை.

அங்கிருந்து சில மைல் தள்ளி, கழக்கூட்டத்தில் இருக்கிறது டெக்னோபார்க். 1990ல் துவக்கப்பட்ட, நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. இங்கே வேறு வகைத் தலைச்சுமை. வர்ச்சுவல் ரியாலிட்டி எனப்படும் மெய்நிகர் உலகத்துக்குள் கொண்டுபோகும் ஹெட்செட். எடை அரைக் கிலோதான். சாலைக் கடைவீதிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அதை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர் கன்னத்தில் சிவந்த தடமும் பின்கழுத்தில் வலியுமாக எழுந்திருக்கிறார். அதற்குள் பேட்டரியும் பாதிக்கு இறங்கியிருக்கும்.

இந்த அரைக் கிலோ அற்ப விஷயமல்ல. அனிமேஷன், விளையாட்டு மென்பொருள், மெய்நிகர் துறைகளுக்காக கேரள அரசு 2024ல் தனிக் கொள்கையே வகுத்தது. இந்த வேலைகளுக்கு வரும் இளைஞர்களுக்கு ஹெட்செட் பொழுதுபோக்குச் சாமானாக இருக்காது. தச்சருக்கு உளி போல அன்றாடக் கருவியாகிவிடும். எட்டு மணி நேரம் ஒரு கருவியோடு வாழ வேண்டுமென்றால், அது உடம்புக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

அந்தக் கேள்விக்கு ஜெர்மனியில் ஒரு பதில் கிடைத்தது. கோபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிற நாட்டு சகாக்களும் சேர்ந்து 2022ல் வெளியிட்ட ஆய்வில், 18 பேர் ஒரு முழு வேலை வாரத்தை, நாளுக்கு 8 மணி நேரம், ஹெட்செட்டுக்குள்ளேயே கழிக்க ஒப்புக்கொண்டார்கள். தலைவலி, குமட்டல் போன்ற தொல்லைகளால் முதல் நாளிலேயே இருவர் விலகினார்கள். மற்றவர்கள் வாரத்தை முடித்தாலும், சாதாரண மேஜையில் வேலை செய்த வாரத்தைவிட கண் சோர்வும் எரிச்சலும் அதிகம் என்று தெரிவித்தார்கள்.

நெற்றிக்கு முன்னால் ஒரு துலா

பிரச்சினை மொத்த எடையில் இல்லை, எடை தொங்கும் இடத்தில் இருக்கிறது. மனிதத் தலை சுமார் 4.5 முதல் 5 கிலோ. அது கழுத்தெலும்பின் உச்சியில், இரண்டு காதுகளுக்கும் இடைப்பட்ட இடத்தில் அமர்ந்திருக்கிறது. தலையின் எடை மையம் அந்த மூட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதால், தலை முன்னால் சாயாமல் பின்கழுத்துத் தசைகள் எப்போதும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பஸ்ஸில் தூங்கி வழிபவரின் தலை மார்பில் விழுவது, இந்தப் பிடி தளர்வதால்தான்.

இந்த நிலையில் கண்ணுக்கு முன்னால் ஒரு பெட்டியைக் கட்டினால் என்ன ஆகும்? கணக்குக்காக, பெட்டியின் எடை 400 கிராம் என்றும், மூட்டிலிருந்து 12 செ.மீ. முன்னால் தொங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். எடையைத் தூரத்தால் பெருக்கினால் 4,800. பின்கழுத்து கூடுதலாகத் தாங்க வேண்டிய இழுப்பு இது. இப்போது பின்தலையில், அதே 12 செ.மீ. தூரத்தில், 200 கிராம் எடையை வைத்தால் அது 2,400 அளவுக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். மொத்த எடை 400லிருந்து 600 ஆகிவிட்டது. ஆனால் கழுத்தின் கூடுதல் இழுப்பு பாதியாகிவிட்டது.

கிராமத்துக் கிணற்றுத் துலாவைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. பின்முனையில் கல்லைக் கட்டிய பிறகுதான் துலா சுலபமாக ஏறி இறங்கும். ஹெட்செட்டைப் பொறுத்தவரை அந்தக் கல்லின் வேலையைச் செய்ய வசதியான பொருள் பேட்டரிதான். சும்மா கிடக்கும் எடையாக இல்லாமல் மின்சாரமும் தருகிறது. பட்டையை மாற்றுவதும் பேட்டரி நேரத்தைக் கூட்டுவதும் ஒரே வேலையாகிவிடுவது இதனால்தான்.

ஆனாலும் ஒரு எல்லை உண்டு. கழுத்தெலும்பின்மேல் நேர்க்குத்தாக இறங்கும் பாரம் கூடத்தான் செய்கிறது. சமநிலை வந்துவிட்டது என்பதற்காகப் பின்னால் அரைக் கிலோ, முன்னால் அரைக் கிலோ என்று ஏற்றிக்கொண்டே போக முடியாது. தலையைச் சட்டென்று திருப்பும்போது இரண்டு பக்கத்து எடையும் சேர்ந்து திரும்ப மறுக்கும்.

கூரையில் தொங்கிய முன்னோர்

இந்தச் சிக்கல் தொழில்நுட்பத்தின் பிறப்பிலேயே இருந்தது. அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் 1968ல் அறிமுகப்படுத்திய தலைக்காட்சிக் கருவிதான் இன்றைய ஹெட்செட்டுகளின் பாட்டன். தலை அசைவை அளக்கும் இயந்திரக் கை கூரையிலிருந்து தொங்கியது. பார்ப்பவர் அதற்கடியில் நின்று தலையைக் கொடுக்க வேண்டும்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2019ல் வந்த ஆக்குலஸ் குவெஸ்ட் எந்தக் கம்பியும் கம்ப்யூட்டரும் இல்லாமல் தானே இயங்கியது. எடை 571 கிராம். பேட்டரி உட்பட ஏறக்குறைய எல்லாமே முகத்துக்கு முன்னால். பயனர்கள் சும்மா இருக்கவில்லை. எச்.டி.சி. நிறுவனம் தன் வைவ் ஹெட்செட்டுக்காகத் தயாரித்த கெட்டியான பட்டையை வாங்கி, முப்பரிமாண அச்சில் எடுத்த இணைப்புத் துண்டுகளால் குவெஸ்டில் பொருத்தினார்கள். இரண்டு உடலை ஒட்டிய இந்தப் படைப்புக்கு ஃபிராங்கன்ஸ்டைன் கதையை நினைவூட்டும் வகையில் 'ஃபிராங்கன்குவெஸ்ட்' என்று பெயர். பலர் அதன் பின்புறத்தில் வெல்க்ரோவால் ஒரு பவர் பேங்கையும் ஒட்டிக்கொண்டார்கள்.

2020 அக்டோபரில் வந்த குவெஸ்ட் 2, 503 கிராம். கூடவே வந்தது மெல்லிய துணிப்பட்டை. கெட்டியான பட்டையும், பேட்டரி வைத்த பட்டையும் தனி விலைக்கு விற்கப்பட்டன. பேட்டரி பட்டை 129 டாலர். வசதி என்பது கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது.

முகத்தில் படும் பஞ்சும் தலைவலி கொடுத்தது. 2021 ஜூலையில், குவெஸ்ட் 2ன் முகப்பஞ்சு சிலருக்குத் தோல் எரிச்சல் உண்டாக்குகிறது என்று புகார்கள் வந்ததையடுத்து, அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் பஞ்சுகள் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளாயின. வாங்கியவர்களுக்கு சிலிக்கோன் உறைகள் இலவசமாகத் தரப்பட்டன.

மற்ற நிறுவனங்கள் ஆளுக்கொரு வழி தேடின. எச்.டி.சி.யின் வைவ் ஃபோக்கஸ் 3 (2021) பேட்டரியைப் பின்தலைக்குக் கொண்டுபோனது. கழற்றி மாற்றவும் முடியும். பிகோ 4ம் (2022) அதே வழி. ஆப்பிள் 2024ல் விஷன் புரோவை வெளியிட்டபோது பேட்டரியைத் தலையிலிருந்தே இறக்கி, 353 கிராம் எடையுள்ள தனிப் பெட்டியாகச் சட்டைப் பைக்கு அனுப்பியது. அப்படியும் தலையில் 600 கிராமுக்கு மேல் மிஞ்சியது. 2025 அக்டோபரில் வந்த அதன் புதிய வடிவத்தோடு தந்த பட்டையில் டங்ஸ்டன் உலோகத் துண்டுகள் கோக்கப்பட்டிருந்தன. நோக்கம், பின்பக்கம் எதிர் எடை. பேட்டரியின் பாரம் வேண்டாம் என்று இறக்கியவர்கள், சமநிலைக்காகவே உலோகத்தை ஏற்ற வேண்டி வந்தது.

பட்டையின் இலக்கணம்

ஹெட்செட்டோடு வரும் துணிப்பட்டை, பெட்டியை முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அது நழுவாமல் இருக்க வேண்டுமானால் இறுக்க வேண்டும். இறுக்கினால் கன்ன எலும்பு வலிக்கும், தளர்த்தினால் பெட்டி கீழே இறங்கிப் படம் மங்கும். முகத்தின் தோலே ஆணியாக வேலை செய்கிறது என்பதுதான் கோளாறு.

நல்ல பட்டை இந்த வேலையை முகத்திடமிருந்து பறித்து மண்டையிடம் கொடுக்கிறது. நெற்றியின் மேற்பகுதியில் ஒரு மெத்தை, பின்தலையின் குழிந்த பகுதியைத் தாங்கும் ஒரு தொட்டில், இரண்டையும் இணைக்கும் கெட்டியான வளையம், உச்சிக்கு மேல் ஒரு நாடா, இறுக்கத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கப் பின்னால் ஒரு திருகு. பெட்டி முகத்தின் மேல் சாயாமல், கிரீடத்திலிருந்து தொங்குவது போல இருக்கும்.

கிரீடம் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. திருவனந்தபுரத்தின் மார்கி நிறுவனம் 1970லிருந்து கதகளி கற்பித்தும் நிகழ்த்தியும் வருகிறது. கதகளி நடிகர் கிரீடத்தை அப்படியே தூக்கி வைத்துக்கொள்வதில்லை. முதலில் தலையைச் சுற்றித் துணி கட்டுகிறார். அதற்குமேல் மரக் கிரீடம் நாடாக்களால் கட்டப்படுகிறது. பல மணி நேரம் ஆடிச் சுழன்றும் அசையாமல் நிற்பதற்குக் காரணம், பாரம் தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் பகிரப்படுவதுதான்.

மேல்நாட்டுப் பட்டைகள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத சில விஷயங்களும் இங்கே உண்டு. கொண்டை போட்ட பெண்களுக்குப் பின்தலைத் தொட்டில் உட்காராது. நடுவில் திறப்பு உள்ள வகைதான் சரிப்படும். தேங்காய் எண்ணெய் தடவிய தலையும் கடலோரப் புழுக்கமும் சேர்ந்தால் துணிப்பட்டை சில வாரங்களில் நாறத் தொடங்கும். ஒரே ஹெட்செட்டைப் பத்துப் பேர் மாட்டும் பயிற்சிக்கூடங்களில் இது சுகாதாரப் பிரச்சினை. துடைத்து எடுக்கக்கூடிய செயற்கைத் தோல் அல்லது சிலிக்கோன் உறை நல்லது. கண்ணாடி அணிபவர்கள், கண்ணாடிச் சட்டம் லென்சில் உரசாமல் இருக்க இடைவெளித் துண்டைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

மணியைக் கூட்டும் கணக்கு

2023 அக்டோபரில் வந்த குவெஸ்ட் 3 சராசரியாக 2.2 மணி நேரம் ஓடும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. அதனுள் இருக்கும் பேட்டரி சுமார் 19.4 வாட்-மணி. வகுத்துப் பார்த்தால், கருவி ஏறக்குறைய 9 வாட் விழுங்குகிறது. ஒரு சின்ன எல்.இ.டி. பல்பின் அளவு.

பெட்டிக்கடையிலும் கிடைக்கும் 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கில் இருப்பது சுமார் 37 வாட்-மணி. மின்னழுத்தத்தை மாற்றும்போதும் கம்பியிலும் இழப்பது போக 30 கைக்கு வரும் என்று கொள்ளலாம். அதாவது கூடுதலாக மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். எடையோ சுமார் 200 கிராம். முன்பு பார்த்த துலாக் கணக்குக்குப் பொருத்தமான கல்.

வேகமும் முக்கியம். பழைய வகை சார்ஜிங் 5 வாட்தான் தரும். 9 வாட் செலவாகும் இடத்தில் 5 வாட் வரவு. முழு சார்ஜோடு தொடங்கி ஆரம்பத்திலேயே இணைத்தால் உள்பேட்டரி ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தாங்கும். ஆனால் தீரும் தறுவாயில் இணைத்தால் வரவு செலவுக்கு ஈடுகொடுக்காது, திரை அணைந்துவிடும். 18 வாட் தரக்கூடிய யு.எஸ்.பி.-சி வகை இதற்கு ஏற்றது.

மூன்றாவது வழி, ஓடும்போதே மாற்றும் பேட்டரி. போபோவிஆர் போன்ற நிறுவனங்களின் பட்டைகளில் பின்பக்கப் பேட்டரி காந்தத்தால் ஒட்டிக்கொள்கிறது. ஒன்று தீர்ந்தால் கழற்றிவிட்டு மற்றொன்றை வைக்கலாம். அந்த இடைவெளியில் உள்பேட்டரி வேலையைத் தாங்கிக்கொள்ளும். நாள் முழுதும் பயிற்சி நடக்கும் இடங்களுக்கு இதுவே உகந்தது.

தும்பாவின் பாடம்

பேட்டரி என்றால் திருவனந்தபுரத்துக்குச் சொல்ல ஒரு கதை உண்டு. 1963 நவம்பர் 21ல் தும்பாவின் கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. அங்கே வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், ராக்கெட்டுகளுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் தேவையான லித்தியம்-அயான் செல்களைச் சொந்தமாக உருவாக்கியது. 1.5 ஆம்பியர்-மணியிலிருந்து 100 ஆம்பியர்-மணி வரை பல அளவுகள். 2018ல் இந்தத் தொழில்நுட்பத்தை முதலில் பெல் நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்பந்தமானது. பிறகு தலா 1 கோடி ரூபாய் கட்டணத்தில் மற்ற இந்தியத் தொழில் நிறுவனங்களுக்கும் கதவு திறக்கப்பட்டது.

ராக்கெட்காரர்களுக்கு ஒவ்வொரு கிராமும் பணம். குறைந்த எடையில் அதிக மின்சாரம் என்பதே அவர்களது மந்திரம். தலையில் சுமக்கும் பேட்டரிக்கும் அதே மந்திரம்தான் பொருந்தும். ஆனால் எடை ஒன்றே அளவுகோலாக முடியாது என்பதற்கும் இதே ஊரில் உதாரணம் இருக்கிறது. லித்தியம் டைட்டனேட் என்ற வேறு வகை பேட்டரியை மின் வாகனங்களுக்காக உருவாக்கும் முயற்சியில் கேரள அரசின் கே-டிஸ்க், விக்ரம் சாராபாய் மையம், சி-டாக், டிராவன்கூர் டைட்டானியம் ஆகியவை கைகோர்த்தன. இந்த வகை பேட்டரி வேகமாக சார்ஜ் ஆகும், பல ஆயிரம் முறை சார்ஜ் செய்தாலும் தளராது, தீப்பிடிக்கும் அபாயமும் குறைவு. ஆனால் அதே மின்சாரத்துக்கு எடை கூடுதல். பஸ்ஸுக்குச் சரி, பின்தலைக்குச் சரிவராது. பாதுகாப்பு, ஆயுள், எடை என்ற மூன்றில் எதை எங்கே விட்டுக்கொடுப்பது என்பதுதான் பேட்டரிக் கலை.

எடையே இல்லாத இடத்தில் பட்டையின் கதி என்ன? அதற்கும் விடை கிடைத்திருக்கிறது. 2023 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஒரு வைவ் ஃபோக்கஸ் 3 அனுப்பப்பட்டது. டென்மார்க் விண்வெளி வீரர் ஆண்ட்ரியாஸ் மொகன்சனின் மனநலத்துக்காக. அங்கே கழுத்தை எதுவும் கீழே இழுக்காது. ஆனால் தலையைத் திருப்பும்போது பெட்டி பின்தங்கும், நிறுத்தும்போது முன்னே போகும். எடை போனாலும் நிறை போவதில்லை. பட்டையின் பிடி அங்கேயும் தேவைப்படுகிறது. நம் வீரர்களுக்கும் இது அந்நியமல்ல. 2024 பிப்ரவரி 27ல் தும்பா மையத்தில்தான் ககன்யான் வீரர்கள் நால்வரின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. பெங்களூரில் அவர்களது பயிற்சி வசதிகளில் மெய்நிகர் சிமுலேட்டரும் ஒன்று.

கவனிக்க வேண்டியவை

மண்டையோடு ஒட்டி வைக்கும் பேட்டரியில் சிக்கனம் கூடாது. லித்தியம் செல்களுக்கான ஐ.எஸ். 16046 தரமும், பவர் பேங்குகளுக்கான கட்டாயப் பதிவும் இந்தியாவில் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் அச்சிடப்படாத பொருளைத் தலையில் கட்டிக்கொள்வது விபரீதம். உப்பியதையும் கீழே விழுந்து நசுங்கியதையும் உடனே ஒதுக்கிவிட வேண்டும்.

லித்தியம்-அயான் செல்களை 45 டிகிரி செல்சியசுக்கு மேல் சார்ஜ் செய்யலாகாது. வெயிலில் நிற்கும் காருக்குள் இந்த அளவு சுலபமாகத் தாண்டும். வெயில் இன்னொரு விதத்திலும் எதிரி. ஹெட்செட்டின் லென்சுகள் உருப்பெருக்கிக் கண்ணாடிகள். ஜன்னலோரம் மல்லாத்தி வைத்தால் சூரிய ஒளியைக் குவித்துச் சில நிமிடங்களில் திரையைப் பொசுக்கிவிடும். விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை.

கம்பியும் ஒரு எதிரிதான். பேட்டரியிலிருந்து வரும் கம்பி நீளமாகத் தொங்கினால் கையில் மாட்டி இணைப்புத் துளையை உடைக்கும். குட்டையான, முனை வளைந்த கம்பியைப் பட்டையோடு கட்டிவிட்டால் தொல்லையில்லை.

புதுப் பட்டை வாங்குமுன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. உச்சிநாடாவைச் சற்று இறுக்கிப் பக்கநாடாக்களைத் தளர்த்திப் பார்க்கலாம். பின்பட்டையை இரண்டு விரல் கீழே இறக்கி, பின்தலைக் குழியில் உட்கார வைக்கலாம். 200 கிராம் எடையுள்ள ஏதாவதொரு பொருளைத் துணியில் முடிந்து பின்னால் கட்டிப் பத்து நிமிடம் இருந்து பார்க்கலாம். கழுத்து ஒப்புக்கொண்டால் பிறகு பணம் செலவழிக்கலாம்.

எத்தனை நல்ல பட்டையானாலும் ஒன்றை மறக்கக்கூடாது. வலி என்பது எழுந்திருக்கச் சொல்லும் மணி. மணியை நிறுத்திவிட்டால், நேரம் போவது தெரியாமல் கண்ணும் கழுத்தும் களைத்துப்போகும். அரை மணிக்கு ஒருமுறை கழற்றி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்ப்பது, எந்தப் பட்டையும் செய்ய முடியாத உபகாரம்.

வேலைக்காக ஹெட்செட்டை மாட்டச் சொல்லும் நிறுவனங்களுக்கும் இதில் கடமை இருக்கிறது. சுமட்டுத் தொழிலாளர்களின் வேலையை முறைப்படுத்த 1978லேயே தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் கேரளம். தலையில் பாரம் ஏற்றுகிறவருக்கும் உரிமைகள் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட மண். பயிற்சி எடுக்கும் மாணவிக்கும், எட்டு மணி நேரம் வடிவமைக்கும் இளைஞருக்கும் நல்ல பட்டையும் இடைவேளையும் தருவது சலுகை அல்ல.

சாலைக் கடைவீதியில் மத்தியானத்துக்குள் லாரி காலியாகிவிடும். தொழிலாளி தலையிலிருந்து துண்டை எடுத்து, பிரித்து, உதறி, முகத்தைத் துடைத்துக்கொண்டு தோளில் போடுகிறார். அடுத்த லாரி வரும்வரை அதற்கு ஓய்வு. அவருக்கும்தான்.